விலை ஆணையா? எதிர்க்கடையா?
அமெரிக்கக் கேபிள் சட்டம் – ஒரு மதிப்பீடு

ஒரு பண்டத்தின் விலையை அடக்க அரசாங்கத்தின் கையில் இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று, இதற்கு மேல் வாங்காதே என்று விற்பவனுக்கு இடும் ஆணை. மற்றொன்று, அவன் கடைக்கு எதிரே இன்னொரு கடை எழும்ப வழிவிடுதல். இவற்றுள் எது நிலைத்த பயன் தரும்? அமெரிக்க ஐக்கிய நாட்டின் கேபிள் தொலைக்காட்சி வரலாறு இவ்வினாவுக்கு நல்லதொரு பாடமாகும்.

கேபிள் தொழிலின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். தெருத்தெருவாகக் கம்பி இழுத்து வீடுதோறும் இணைப்புத் தருவதற்குப் பெருமுதல் தேவை. ஒருவர் இழுத்துவிட்ட ஊரில் மற்றொருவர் மீண்டும் இழுக்கத் துணிவது அரிது. ஆகவே பெரும்பாலான ஊர்களில் ஒரே நிறுவனமே கோலோச்சிற்று. அவ்வாறிருந்தும், 1984-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டணத்தை வரையறுக்கும் அதிகாரத்தைப் பெரும்பாலான ஊராட்சிகளிடமிருந்து 1986-இன் இறுதியில் பறித்துவிட்டது. விளைவு என்ன? கேபிள் கட்டணம், பொது விலைவாசியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் ஏறியதாகக் காங்கிரசே பின்னர் எழுதிவைக்க நேர்ந்தது.

மக்கள் குமுறினர். 1992-இல் 'கேபிள் தொலைக்காட்சி நுகர்வோர் பாதுகாப்பு, போட்டிச் சட்டம்' வந்தது. அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் அதனை ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பினார். அக்டோபர் 5-ஆம் நாள் செனட் சபை 74-க்கு 25 என்றும், பிரதிநிதிகள் சபை 308-க்கு 114 என்றும் வாக்களித்து அம்மறுப்பை முறியடித்தன. அவருடைய மறுப்புகளுள் முறியடிக்கப்பட்டது அஃது ஒன்றே.

சட்டத்தின் பெயரில் பாதுகாப்பு, போட்டி என இரு சொற்கள் இருப்பதை நோக்குக. ஆரவாரம் பெற்றது முதற் சொல்லே. கூட்டரசுத் தகவல் தொடர்பு ஆணையம் 1993-இல் ஏறத்தாழ 10 விழுக்காடும், 1994-இல் 17 விழுக்காடு வரையும் கட்டணத்தைக் குறைக்க விதி செய்தது. நிறுவனங்களோ அலைவரிசைகளைக் கலைத்து, வேறு கட்டுகளாகக் கட்டி விற்றன. சந்தாதாரர் பலருக்குக் கட்டணம் குறைவதற்கு மாறாகக் கூடிற்று.

தோட்டத்தில் வளர்ந்தோர்க்கு இது புதிதன்று. என் இளமையில் எங்கள் தோட்டத்தில் மளிகைக் கடை ஒன்றே ஒன்று. சீனிக்கு அரசாங்கம் வைத்த விலையைக் கடைக்காரர் மீறியதே இல்லை. சீனி வேண்டுமானால் சோப்பும் வாங்கு என்பார், அவ்வளவுதான். பட்டணத்து வேன்காரரைத் தோட்ட நிர்வாகம் கேட்டுக்குள் விட்ட பின்னரே சோப்பு சீனியை விட்டுப் பிரிந்தது.

அந்தக் கேட்டைத் திறக்கும் வேலையைத்தான் சட்டத்தின் இரண்டாம் சொல் செய்தது. கேபிள் நிறுவனங்கள் தம் உடைமையாக வைத்திருந்த செயற்கைக்கோள் அலைவரிசைகளைப் போட்டியாளருக்குத் தர மறுத்தலாகாது என்று அது விதித்தது. சரக்குக் கிடைத்தது, கடையும் எழும்பிற்று. 1994-இல் டைரக்டிவியும், 1996-இல் டிஷ் நெட்வொர்க்கும் தோன்றின.

ஆயினும் இதனை முழு வெற்றி எனல் மிகையாகும். காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் 2003-இல் தந்த அறிக்கையின்படி, செயற்கைக்கோள் போட்டியால் கேபிள் சேவையின் தரம் உயர்ந்தது. கட்டணம் சிறிதே இறங்கிற்று. இரண்டாவது கம்பி வந்த ஊர்களிலோ கட்டணம் ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு. அத்தகைய ஊர்கள் மிகச் சிலவே.

இந்நிலையில் காங்கிரஸ் பழைய பிழையையே மீண்டும் செய்தது. அடிப்படைக் கட்டுக்கு மேற்பட்ட கட்டுகளின் கட்டணக் கட்டுப்பாடு 1999 மார்ச் 31-உடன் முடியுமென 1996-ஆம் ஆண்டுச் சட்டம் நாள் குறித்துவிட்டது. எதிர்க்கடை எழும்பியதா என்று பாராமல், நாட்காட்டியைப் பார்த்துக் காவலை எடுத்தனர். என் குற்றச்சாட்டு இதுவே.

விலை ஆணை வேண்டா என்பது என் கருத்தன்று. இளங்கொடிக்குக் கொழுகொம்பு வேண்டும். ஆனால் கொம்பையே கொடி என்று மயங்குதலும் தவறு. கொடி வேரூன்றுமுன் கொம்பைப் பிடுங்குதலும் தவறு. எந்த அரசாங்கமாயினும், மாதக் கட்டணத்தைக் குறைத்துவிட்டோம் என்று கூறும்போது நாம் கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு: இக்கடை பிடிக்கவில்லையெனில் நாங்கள் போவதற்கு வேறு கடை எங்கே?