நடுங்கும் தலைக்கும் தெளிந்த படம்

நன்னிலத்துப் பெரியவர் ஒருவர் தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கத் திருவாரூருக்கோ தஞ்சாவூருக்கோ போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். “அசையாம படுத்திருங்கய்யா” என்று சொல்லி, டெக்னீசியன் அவர் தலைக்கு இருபுறமும் பஞ்சுத் துண்டுகளைச் செருகுகிறார். பெரியவரும் தலையாட்டுகிறார். ஆனால் வயதின் நடுக்கம் அவர் சொல்லைக் கேட்பதில்லை. அந்த நடுக்கத்தோடேயே அவருக்குத் தெளிந்த படம் கிடைத்துவிடுகிறதே, அந்த நயத்தைத்தான் சற்று அருகே நின்று பார்க்க அழைக்கிறேன்.

எம்.ஆர்.ஐ. படம் ஒரு நொடியில் விழுவதில்லை. வயலில் கயிறு பிடித்து வரிசை வரிசையாக நாற்று ஊன்றுவதுபோல, உடல் தரும் சமிக்ஞையை அந்தக் கருவி வரிசை வரிசையாகச் சேர்க்கிறது. அவை சேரும் இடத்துக்குக் கே-வெளி என்று பெயர். அதன் நடுவே படத்தின் ஒளியும் நிழலும் குடியிருக்கின்றன; ஓரங்களில் நுண்ணிய விளிம்புகள். பாதியில் தலை அசைந்தால் முந்திய வரிசைக்கும் பிந்திய வரிசைக்கும் பொருத்தம் போய்விடும். மண்டையோட்டின் விளிம்பை ஒட்டி மங்கலாக இன்னொரு விளிம்பு எழும். ‘கோஸ்ட்’ என்பார்கள்.

ஆனால் இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தலை ஒரு மில்லிமீட்டர் நகரும்போது அந்த வரிசையின் வலிமை குறைவதே இல்லை; அலையின் கட்டம் மட்டும் சீராகச் சாய்கிறது. நகர்ந்த தூரம் தெரிந்தால் சாய்வை அதே அளவு நிமிர்த்திவிடலாம். தலை திரும்பினால் கே-வெளியும் அதே பாகை திரும்பிக்கொடுக்கிறது. தன் அளவைத் தானே இவ்வளவு நேர்மையாக எழுதிவைத்துவிட்டுப் போகும் பிழையை வேறெங்கும் நான் கண்டதில்லை.

ஸ்கேன் படம் கட்டும் கணிதத்தில் நம்மவர் கையும் உண்டு. பல கோணங்களில் எடுத்த எக்ஸ்-கதிர்ப் பதிவுகளிலிருந்து உள்ளுருவத்தை மீட்க ஜி.என். ராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் 1971இல் தந்த எழிலான வழியைச் சி.டி. உலகம் இன்றும் ‘ராம்-லாக்’ என்று இருவர் பெயராலும் அழைக்கிறது. அளந்து முடியும்வரை உடல் அப்படியே இருக்கும் என்று அந்தக் கணக்கு நம்பியது. அந்த நம்பிக்கை உடையும் இடத்தில்தான் பின்வந்தவர்களின் கைவண்ணம் தொடங்குகிறது.

1999இல் ஜேம்ஸ் பைப் வெளியிட்ட ‘புரொப்பெல்லர்’ முறை எனக்கு மிகவும் பிரியமானது. அதில் சில வரிசைகள் சேர்ந்து ஒரு பட்டை. பட்டை ஒவ்வொன்றும் சற்றுத் திரும்பிய கோணத்தில், ஆனால் தவறாமல் கே-வெளியின் நடுவைக் கடந்தே செல்லும். ஆகவே நடுவட்டம் திரும்பத் திரும்ப அளக்கப்படுகிறது. அந்த நடுவட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டாலே, எந்தப் பட்டையின்போது தலை எவ்வளவு திரும்பியது, எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்துவிடும். தலையில் தனிக் கருவி எதையும் பூட்ட வேண்டாம். எவ்வளவு திருத்தியும் ஒத்துவராத பட்டைக்குக் கணக்கில் மதிப்பைக் குறைத்துவிடுவார்கள். கூடுதல் நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். சீமென்ஸ் கருவியில் இதே முறைக்குப் ‘பிளேடு’ என்று பெயர், பிலிப்ஸில் ‘மல்டிவேன்’.

நெஞ்சுக்கு வந்தால் அழகு வேறு விதம். எஹ்மனும் ஃபெல்ம்லீயும் 1989இல் விவரித்த ‘நேவிகேட்டர்’ உத்தி இதயப் படத்துக்கு வந்து சேர்ந்தது. ஈரலின் மேல்விளிம்பை ஒட்டி உதரவிதானம் உயர்ந்து தாழும் இடத்தில் மெல்லிய ஒரு கீற்றளவு மட்டும் சமிக்ஞை எடுத்து, மூச்சு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று துடிப்புக்குத் துடிப்பு கருவி பார்த்துக்கொள்கிறது. சுமார் 5 மில்லிமீட்டர் இடைவெளிக்குள் உதரவிதானம் நின்றால் அந்தத் துடிப்பின் தரவை ஏற்கும். விலகியிருந்தால் ஒதுக்கிவிட்டு அடுத்த துடிப்பை எதிர்பார்க்கும். இளைப்பு உள்ளவருக்கு ஸ்கேன் நீளும்தான். ஆனால் “மூச்சைப் பிடிங்க” என்று அவரை ஒருமுறைகூட வருத்த வேண்டியதில்லை.