சூடாறாச் சாம்பல்

இறந்தோர் திருப்பலியில் நெடுங்காலம் ஒலித்த ‘தியேஸ் ஈரே’ என்னும் இலத்தீன் பாடலில் அரிய சொல்லொன்று உண்டு: ‘ஃபவில்லா’. சாம்பல் என்று பொருள் கூறிவிட்டு நாம் அதைக் கடந்துவிடுகிறோம். ஆனால் சாம்பலுக்கு இலத்தீனில் ‘சினிஸ்’ என்ற வழக்குச் சொல் இருக்கிறதே!

எரிந்து முடிந்தும் வெப்பம் நீங்காத சாம்பலையே ஃபவில்லா சிறப்பாகக் குறிக்கும். ஹொரேஸ் தம் நண்பர் செப்திமியுசுக்குப் பாடிய பாடலில், தம் சாம்பலின் சூடு தணியுமுன் நண்பரின் கண்ணீர் அதில் விழவேண்டும் என்கிறார். அங்கும் இச்சொல்லே.

புனித ஜெரோமின் விவிலியப் பெயர்ப்பில் இது இன்னும் சுவையானது. சோதோம் அழிந்த காலையில் ஆபிரகாம் கண்ட காட்சியில் (தொநூ 19:28) எபிரேய மூலம் ‘புகை’ என்ற ஒரே சொல்லை இருமுறை ஆள்கிறது. ஜெரோமோ சூளையிலிருந்து எழுவதைப் புகை என்றும், நிலத்திலிருந்து எழுந்ததை ஃபவில்லா என்றும் பிரித்துவிட்டார். யோபு 30:19-இல் ஃபவில்லாவும் சினிசும் அருகருகே நிற்கின்றன. இரண்டும் ஒன்றெனில் இந்த இணை எதற்கு?

இனிப் பாடலுக்கு வருவோம். உலகம் கரைந்து ஃபவில்லா ஆகும் என்று அது தொடங்குகிறது. இறுதியில் மனிதன் தீர்ப்புக்காக ஃபவில்லாவிலிருந்தே எழுகிறான். இடையில், நொறுங்கிய நெஞ்சத்துக்கு உவமையாவது சினிஸ். எதுகைக்காக வந்த சொற்கள்தாமே என்று கேட்கலாம். கேள்வி நியாயமே, இரண்டும் அடியிறுதியில் ஒலியியைபுக்குப் பொருந்தி நிற்கின்றன. மேலும், யாப்பு மாறும் இறுதி அடிகள் பிற்சேர்க்கை என்றே அறிஞர் பலர் கருதுவர். அப்படியாயின், சேர்த்தவர் முதற்பாவின் சொல்லைத் தேடி எடுத்திருக்கிறார் என்றாகிறது. அது நம் வாதத்துக்கு வலுவே தருகிறது.

தமிழில் என்ன சொல்வது? ‘தணல்’ மிகை, நெருப்பே எஞ்சிவிடுகிறது. ‘நீறு பூத்த நெருப்பு’ அழகுதான். ஆயினும் உயிர்ப்பு உடலுள் ஒளிந்திருந்த கனலால் தானே நிகழ்வது என்ற பிழையான எண்ணத்துக்கு அது இடந்தரும், உயிர்ப்பிப்பவர் இறைவன். வெறும் ‘சாம்பல்’ என்றாலோ உலகம் எரிந்த அந்த நாளின் அண்மை போய்விடுகிறது. ‘சூடாறாச் சாம்பல்’ என்பதே நம் தேர்வு. பாடுவதற்குச் சற்றுக் கடினம்தான்!

1970-ஆம் ஆண்டுத் திருப்பலிப் புத்தகத்தின் இறந்தோர் திருப்பலியில் இப்பாடல் இல்லை. திருப்புகழ்மாலையில் மட்டும், ஆண்டின் பொதுக்காலக் கடைசி வாரத்தில், விரும்பினால் பாடலாம். இசையரங்குகளில் இன்றும் கேட்கிறது. மோசார்ட் 1791-இல் முடிக்காமல் விட்ட இறந்தோர் திருப்பலி இசையில், ‘லாக்ரிமோசா’ பகுதி அவர் கையெழுத்தில் எட்டாம் இசையளவோடு நின்றுவிடுகிறது. அந்த எட்டுக்குள் ஃபவில்லாவைக் குரல்கள் பாடிவிடுகின்றன.