நாலு வாசல், ஒரே சந்து: பழைய டெஸ்க்டாப்பும் யூஎஸ்பி 3 கார்டும்

பழைய டெஸ்க்டாப்புக்கு யூஎஸ்பி 3 கார்டு வாங்கிப் போடலாமா? போடலாம். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதப்போவதைப் படித்துவிட்டு யாரும் கார்டே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. எனக்குச் சண்டை அந்தக் கார்டை விற்கிற பெட்டியோடும், பெட்டி மேல் அச்சடிக்கிற எண்ணோடும், அந்த எண்ணுக்குப் பெயர் வைத்தவர்களோடும்தான்.

2011, 2012 வாக்கில் நம்ம ஊரில் அசெம்பிள் செய்த கணினி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இன்டெல் ஹெச்61 சிப்செட் மதர்போர்டு, ஐ3 பிராசஸர், 4 ஜிபி ராம். இன்னும் கொஞ்சம் பழசு என்றால் ஜி41. ராமைக் கூட்டி ஒரு எஸ்எஸ்டி போட்டுவிட்டால் பில்லிங், டைப்பிங், இணையம் எல்லாத்துக்கும் இன்றைக்கும் தாராளமாகப் போதும். குறை என்று பார்த்தால், பின்பக்கம் இருக்கிற யூஎஸ்பி எல்லாம் 2.0. சில ஹெச்61 போர்டுகளில் தனி சிப் வைத்து இரண்டு நீல போர்ட் கொடுத்திருப்பார்கள், பலவற்றில் அதுவும் கிடையாது. இன்டெல் தன் சிப்செட்டுக்குள்ளேயே யூஎஸ்பி 3.0ஐ வைத்தது 2012இல் வந்த 7 வரிசையில்தான். ஏஎம்டி அதற்கு முந்தைய வருடமே ஏ75இல் கொண்டுவந்துவிட்டது.

இது எவ்வளவு பெரிய குறை என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். யூஎஸ்பி 2.0 காகிதத்தில் 480 மெகாபிட், நடைமுறையில் வினாடிக்கு 30 முதல் 40 மெகாபைட். 500 ஜிபி புகைப்படங்களை வெளி ஹார்ட் டிஸ்கில் பேக்கப் எடுக்க, 35 என்று வைத்தால் கிட்டத்தட்ட 4 மணி நேரம். அதே டிஸ்க் 3.0இல் 120 வேகத்தில் ஓடினால் ஒரு மணி பத்து நிமிடம். இந்த வித்தியாசம் வெறும் வசதி சம்பந்தப்பட்டது என்று நான் நினைக்கவில்லை. 4 மணி நேரம் ஆகும் என்றால் பேக்கப் எடுக்கிற வேலை நாளைக்கு, நாளன்னைக்கு என்று தள்ளிப்போகும். ஒருநாள் உள்ளே இருக்கிற டிஸ்க் செத்துப்போகும். ஒரு சின்ன கார்டு, ஒரு குடும்பத்தின் கல்யாண ஆல்பத்தைக் காப்பாற்றும் அளவுக்கு முக்கியமாவது இந்த இடத்தில்தான்.

எண் எதை அளக்கிறது?

பெட்டியில் பெரிதாக "5 ஜிபிபிஎஸ், 4 போர்ட்" என்று இருக்கும். படிக்கிறவர் என்ன புரிந்துகொள்வார்? நாலு போர்ட்டிலும் தலா 5 கிடைக்கும் என்றுதான். சாதாரண ஒரு லேன் கார்டில் அது எந்தக் காலத்திலும் கிடைக்காது.

கார்டு உட்காருவது மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில். அந்தச் சின்ன ஸ்லாட்டில் ஒரே ஒரு லேன். முதல் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒரு லேனுக்கு வினாடிக்கு 250 மெகாபைட், இரண்டாம் தலைமுறையில் 500, மூன்றாவதில் சுமார் 985. மேல்சுமை போக கையில் கிடைப்பது இன்னும் குறையும். முதல் தலைமுறையில் 200 சொச்சம், இரண்டாவதில் 400 சொச்சம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சந்தையில் அதிகம் புழங்கிய 4 போர்ட் சிப்புகள், அதாவது ரெனிசாஸின் 720201, வியாவின் விஎல்805, ஃப்ரெஸ்கோ லாஜிக்கின் எஃப்எல்1100, மூன்றுமே இரண்டாம் தலைமுறை, ஒரு லேன். ஒரு யூஎஸ்பி 3.0 போர்ட் முழு வேகத்தில் ஓடினாலே அந்த லேன் நிரம்பிவிடும். கல்யாண மண்டபத்துக்கு நாலு வாசல் வைத்திருக்கிறார்கள், தெருவிலிருந்து மண்டபத்துக்கு வருகிற சந்து மட்டும் ஒன்று. விளம்பரம் வாசலை எண்ணிக் காட்டுகிறது.

மதர்போர்டு பக்கமும் ஒரு சிக்கல் இருக்கு. ஹெச்61இன் சின்ன ஸ்லாட் நிஜமான இரண்டாம் தலைமுறை. ஜி41 போர்டுகளில் அது முதல் தலைமுறை. இரண்டுக்கும் நடுவில் வந்த பி55, ஹெச்55 போர்டுகளில் சிப்செட் லேன்களை 2.0 என்றே குறிப்பிட்டார்கள், ஆனால் ஓடுவது பாதி வேகத்தில், அதாவது முதல் தலைமுறையின் 2.5 ஜிடி வேகத்தில். பெயர் ஒன்று, வேகம் ஒன்று. யூஎஸ்பிக்காரர்கள் மட்டும் இந்த வேலையைச் செய்யவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பழைய வெள்ளை பிசிஐ ஸ்லாட்டுக்கு என்று விற்கிற யூஎஸ்பி 3 கார்டுகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அந்தப் பாதை மொத்தமே 133 மெகாபைட், அதையும் மற்ற கார்டுகளோடு பங்குபோட வேண்டும்.

10 என்றால் இரட்டிப்பா?

அடுத்து 10 ஜிபிபிஎஸ் கார்டு. "எதுக்கும் பெரிசா வாங்கி வெச்சுக்கலாம்" என்கிற மனம் இங்கேதான் மாட்டும்.

ஏஎஸ்மீடியாவின் ஏஎஸ்எம்1142 சிப்பில் இரண்டு 10 ஜிபிபிஎஸ் போர்ட் உண்டு. அது மதர்போர்டோடு பேசுவது மூன்றாம் தலைமுறையில் ஒரு லேன், அல்லது இரண்டாம் தலைமுறையில் இரண்டு லேன். எந்த வழியில் போனாலும் 1000 மெகாபைட்டுக்கு மேல் இல்லை. ஒரு 10 ஜிபிபிஎஸ் போர்ட் காகிதத்தில் கேட்பதோ 1200. ஆக, ஒரு போர்ட்டுக்கே முழுசாகப் போதாது. பின்னால் வந்த ஏஎஸ்எம்2142, 3142 இரண்டும் மூன்றாம் தலைமுறையில் இரண்டு லேன் எடுத்து இதைச் சரிசெய்தன. 20 ஜிபிபிஎஸ் தருகிற ஏஎஸ்எம்3242க்கு நாலு லேன் வேண்டும்.

ஹெச்61இன் சின்ன ஸ்லாட்டில் 10 ஜிபிபிஎஸ் கார்டு ஒன்றைப் போட்டால் 400 சொச்சம்தான் வரும். 5 ஜிபிபிஎஸ் கார்டு தருவதும் அதே அளவுதான். கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினி என்றால் நீள ஸ்லாட் காலியாக இருக்கும், அதில் போட்டால் லேன் பஞ்சம் தீரும். சில பழைய போர்டுகளில் அந்த ஸ்லாட் கிராபிக்ஸ் கார்டைத் தவிர மற்றதை மதிக்காது, எனவே வாங்கும் முன் போர்டின் கையேட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சரி, லேன் பஞ்சம் தீர்ந்தது, வேகமான வெளி எஸ்எஸ்டியும் வாங்கியாச்சு. 1000 மெகாபைட்டில் காப்பி ஆகுமா? எங்கிருந்து காப்பி ஆகிறது என்று கேட்க வேண்டும். ஹெச்61இல் இருப்பது 3 ஜிபிபிஎஸ் சாட்டா மட்டும், 6 கிடையாது. உள்ளே எவ்வளவு நல்ல எஸ்எஸ்டி போட்டிருந்தாலும் 270 பக்கத்தில் நின்றுவிடும். வெளியே இருப்பவன் ஓட்டப்பந்தய வீரனாக இருக்கலாம், உள்ளே இருந்து எடுத்துக்கொடுப்பவர் நிதானமாகத்தான் கொடுப்பார். உள் டிஸ்க்குக்கும் வெளி டிஸ்க்குக்கும் நடுவே காப்பி எடுப்பதுதான் வேலை என்றால், இந்தக் கணினிக்கு 10 ஜிபிபிஎஸ் கார்டு வீண்செலவு. இதைப் பெட்டியில் யாரும் எழுத மாட்டார்கள். நியாயமாகப் பார்த்தால் எழுதவும் முடியாது, வாங்குகிறவரின் மதர்போர்டு எது என்று கார்டு செய்தவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் சிப்பின் பெயரையும் லேன் கணக்கையும் எழுதலாமே. அது அவருக்குத் தெரிந்ததுதான்.

பெயர் மாற்றும் படலம்

2008 நவம்பரில் வந்தது யூஎஸ்பி 3.0, வேகம் 5. 2013இல் 3.1 வந்தது, வேகம் 10. வந்த கையோடு பழைய 3.0 "3.1 ஜென் 1" ஆனது, புதியது "3.1 ஜென் 2". 2017இல் 3.2, வேகம் 20. உடனே பழைய 3.0 "3.2 ஜென் 1" ஆகிவிட்டது, 10 வேகம் "3.2 ஜென் 2", 20 வேகம் "3.2 ஜென் 2 பை 2". விளைவு, பெட்டியில் "யூஎஸ்பி 3.2" என்று புத்தம் புதிதாக மின்னுவது 2008ஆம் வருட வேகமாக இருக்கலாம். சட்டப்படி அதில் ஒரு தப்பும் இல்லை.

யூஎஸ்பி அமைப்பின் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். புதிய விவரக்குறிப்பு பழையதைத் தனக்குள் சேர்த்துக்கொள்கிறது, அதனால் பழைய வேகமும் புதிய ஆவணத்தின் ஒரு பகுதி; "ஜென்" பெயர்கள் பொறியாளர்களுக்கானவை, வாங்குகிறவர்களுக்கு "சூப்பர்ஸ்பீடு யூஎஸ்பி 10 ஜிபிபிஎஸ்" மாதிரி வேறு பெயர் உண்டு என்றார்கள். வாதம் ஒழுங்கானதுதான். ஆனால் ஆவண எண்ணை விற்பனையாளர் பெட்டியில் போடுவார் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமா? பெரிய எண் விற்கும், அதைப் போட அனுமதியும் இருக்கு, போடத்தான் செய்வார். 2022இல் அந்த அமைப்பே வழிக்கு வந்து "யூஎஸ்பி 5 ஜிபிபிஎஸ்", "யூஎஸ்பி 10 ஜிபிபிஎஸ்" என்று வேகத்தையே பெயராக வைக்கச் சொல்லிவிட்டது. நல்ல மாற்றம். 14 வருடம் தாமதம். அதிலும் இன்னும் அளக்கப்படுவது வாசல் மட்டும்தான், சந்து இல்லை.

மின்சாரம் எங்கிருந்து?

வேகத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. ஆனால் டேட்டா கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

யூஎஸ்பிக்கு 5 வோல்ட் வேண்டும். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் 12 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் வரும், 5 வோல்ட் வராது. கார்டு அதைத் தானே மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது பவர் சப்ளையிலிருந்து தனி ஒயர் வாங்க வேண்டும். 3.0 போர்ட் ஒன்றுக்கு 900 மில்லிஆம்பியர், அதாவது 4.5 வாட். நாலு போர்ட்டுக்கு 18 வாட். ஒரு லேன் ஸ்லாட் ஆரம்பத்தில் கொடுக்க வேண்டியது 10 வாட் மட்டுமே. தனி பவர் கனெக்டர் இல்லாத 4 போர்ட் கார்டில் இரண்டு போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கைச் சேர்த்து மாட்டினால் என்ன ஆகும்? டிஸ்க் சுழல ஆரம்பிக்கும் நேரத்தில்தான் அதிகம் இழுக்கும். "டிக் டிக்" என்று சத்தம் வரும், இணைப்பு அறுந்து மறுபடி வரும். பாதி எழுதிய ஃபைல் அப்படியே போகும். மக்கள் டிஸ்க்கைத் திட்டுவார்கள். சாட்டா அல்லது மோலெக்ஸ் பவர் கனெக்டர் வைத்த கார்டுதான் வாங்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

மென்பொருள்

விண்டோஸ் 7இல் யூஎஸ்பி 3 டிரைவர் உள்ளேயே கிடையாது, தனியாகப் போட வேண்டும். விண்டோஸ் 8 முதல் உண்டு. லினக்ஸ் இதில் முன்னோடி: 2009 செப்டம்பரில் வந்த 2.6.31 கெர்னலிலேயே ஆதரவு வந்துவிட்டது, அப்போது இன்டெலில் இருந்த சாரா ஷார்ப் எழுதியது. பழைய கணினிக்கு லினக்ஸ் போடுகிறவர்களுக்கு இந்த விஷயத்தில் தலைவலி குறைவு.

பழைய பயாஸுக்கு இந்தக் கார்டு இருப்பதே பெரும்பாலும் தெரியாது. எனவே அதில் செருகிய பென் டிரைவிலிருந்து பூட் ஆகாது, கீபோர்டு அதில் இருந்தால் பயாஸ் திரைக்குள்ளும் போக முடியாது. கீபோர்டும் மவுஸும் பழைய போர்ட்டிலேயே இருக்கட்டும். ஒயர்லெஸ் மவுஸ் என்றால் இன்னொரு காரணமும் உண்டு: யூஎஸ்பி 3.0 போர்ட்டும் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளப்பும் என்று 2012இல் இன்டெலே ஒரு ஆய்வறிக்கையில் காட்டியது. டாங்கிளைப் பக்கத்தில் செருகினால் மவுஸ் திக்கித் திக்கி நகரலாம்.

அப்போ என்னதான் வாங்குவது?

ஹார்ட் டிஸ்க் பேக்கப்தான் வேலை என்றால் 5 ஜிபிபிஎஸ் கார்டு, தனி பவர் கனெக்டரோடு. இரண்டு போர்ட் போதும். ஜி41இன் பாதி வேக ஸ்லாட்டில்கூட 200 கிடைக்கும், போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் பொதுவாக அதைத் தாண்டாது. அந்தக் கணினிக்கு இது குறைந்த செலவில் நிறைவான வேலை. 10 ஜிபிபிஎஸ் கார்டு வேண்டுமானால் மூன்றாம் தலைமுறை லேன் இரண்டாவது கொடுக்கிற ஸ்லாட்டும், அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் உள் டிஸ்க்கும் இருக்கிற கணினிக்கு மட்டும். அது இரண்டும் உள்ள கணினியில் பெரும்பாலும் 3.0 போர்ட் ஏற்கனவே இருக்கும்.

ரிச்சி தெருவுக்குப் போனாலும் ஆன்லைனில் பார்த்தாலும் எத்தனை போர்ட், எத்தனை ஜிபிபிஎஸ் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். சிப் எது, எத்தனை லேன் எந்தத் தலைமுறை, 5 வோல்ட் எங்கிருந்து வருகிறது: இந்த மூன்றையும் கேளுங்கள். சிப்பின் பெயர் கார்டின் படத்திலேயே சில சமயம் தெரியும், பெரிதாக்கிப் பாருங்கள். வாங்கி வந்த பிறகு லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கட்டளையை விரிவான வடிவில் கொடுத்தால், கார்டு எந்த வேகத்துக்குத் தகுதியானது, இப்போது எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று இரண்டு வரியில் காட்டிவிடும். இரண்டாவது வரியில் 2.5 ஜிடி என்று இருந்தால் கார்டைத் திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம், சந்தின் அகலம் அவ்வளவுதான். முதலில் பேக்கப்பை எடுத்து முடியுங்கள்.