லைப்ரரி வரிசை: இந்தக் கெடுபிடி இன்னும் தேவையா?

ஸ்டாட்டிக் லைப்ரரியை முன்னால் எழுதி, அதைக் கேட்கும் ஆப்ஜெக்ட் கோப்பைப் பின்னால் எழுதினால் குனு எல்டி என்ற லிங்கர் 'அண்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ்' என்று நின்றுவிடும். ஃபங்ஷன் லைப்ரரிக்குள் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இடமிருந்து வலமாக ஒரே ஓட்டமாகப் போகும் லிங்கர் அந்த லைப்ரரியைக் கடந்தபோது அந்தப் பெயரை யாரும் கேட்டிருக்கவில்லை. கடந்ததை அது திரும்பிப் பார்ப்பதில்லை.

பிறந்த காலத்தில் இது நியாயமான விதி. அன்றைய பிடிபி-11 கணினியின் மெமரியில் எல்லாப் பெயர்களையும் ஏந்தி நிற்க இடமேது? 1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில், லைப்ரரிக்குள் இருக்கும் கோப்புகளை வரிசைப்படுத்தவே லார்டர், டிசார்ட் என்ற கருவிகள் இருந்தன. ரான்லிப் என்ற கருவி போட்ட பெயர் அட்டவணை அந்த உள்வரிசைத் தொல்லையைத் தீர்த்தது. லைப்ரரிகளுக்கு இடையிலான வரிசை மட்டும் மிச்சமாயிற்று. 2011-இல் உபுண்டு 11.10, அதுவரை யாரும் கேட்காத ஷேர்டு லைப்ரரியை விட்டுவிடும் 'ஆஸ்-நீடட்' தேர்வை இயல்பாக்கியதும், ஷேர்டு லைப்ரரிகளுக்கும் இதே கெடுபிடி வந்து சேர்ந்தது.

வரிசை ஒழுக்கம் தருகிறது என்பது ஆதரவாளர்களின் வாதம். கீழடுக்கு மேலடுக்கைக் கேட்டால் லிங்க் உடையும். வட்டச் சார்பு அம்பலமாகும். கேட்க நன்றாக இருக்கிறது. நடப்பில் ஒரே லைப்ரரியை இரண்டு முறை எழுதுகிறார்கள், அல்லது எல்லாவற்றையும் 'ஸ்டார்ட்-குரூப்', 'எண்ட்-குரூப்' நடுவே போட்டு, லிங்கரைத் திரும்பத் திரும்பத் தேடவைக்கிறார்கள். (ஏன் என்று கேட்டால், 'அப்படிப் போட்டால்தான் ஓடுகிறது' என்பதே பதில்.) இவ்வளவு சுலபமாகத் தாண்டக்கூடிய காவலைக் காவல் என்று எப்படிச் சொல்வது? பிழைச்செய்தியும் வரிசையைப் பற்றி வாய் திறப்பதில்லை.

எல்எல்விஎம்-இன் லிங்கரான எல்எல்டி வேறு வழி போகிறது. கடந்த லைப்ரரிகளின் பெயர்களை நினைவில் வைத்து, பின்னால் யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிறது. ஆனால் இதிலும் ஒரு பொறி உண்டு. ஒரே பெயரை இரண்டு லைப்ரரிகள் வரையறுத்து, அதைக் கேட்கும் கோப்பு அவற்றின் நடுவே நின்றால், குனு எல்டி பின்னதை எடுக்கும். எல்எல்டி முன்னதை எடுக்கும். இரண்டும் பிழை சொல்லாது. கிடைக்கும் நிரல்கள் மட்டும் வெவ்வேறாக இருக்கும். லிங்க் உடைவதைவிட இது ஆபத்தானது.

ஆனாலும் என் தீர்ப்பு எல்எல்டி பக்கமே. நினைவகம் மலிந்த பின்னும் மறதியை விதியாக வைத்திருக்கக் காரணமில்லை. ஒழுக்கம் வேண்டுவோர் எல்எல்டியின் 'வார்ன்-பேக்ரெஃப்ஸ்' தேர்வை இயக்கிக்கொள்ளட்டும்: பின்னோக்கிக் கேட்கும் கோப்பு எது, கொடுக்கும் லைப்ரரி எது என்று அது பெயர் சொல்லியே எச்சரிக்கும்.