திருவிருந்து வேளையில் கத்தோலிக்க விருந்தினர்

திருச்சிராப்பள்ளியில் சபைகள் ஒன்றையொன்று அண்டியே வாழ்கின்றன. லூர்து அன்னை ஆலயமும், சுவார்ட்ஸ் ஐயர் 1766இல் கட்டிய கிறிஸ்து ஆலயமும் தெப்பக்குளத்தை ஒட்டி நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. திருமணத்தை முன்னிட்டும் அடக்க ஆராதனையை முன்னிட்டும் கத்தோலிக்கர் நம் ஆலயங்களுக்கு வருவது புதிதன்று. எனினும் அவர்களுள் பலர் பாடாமலும் மறுமொழி கூறாமலும் வாளா அமர்ந்திருத்தலையே நாம் கண்டிருக்கிறோம்.

இவ்வழக்கத்தின் வேர் 1917ஆம் ஆண்டின் ரோமைத் திருச்சபைச் சட்டத்தில் உள்ளது. அது பிற சபை வழிபாட்டில் பங்குகொள்வதைத் தடைசெய்தது. திருமணம், அடக்கம் போன்றவற்றில் மரியாதை கருதி உடனிருப்பதை மட்டும், தக்க காரணமிருப்பின், பொறுத்துக்கொண்டது. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஐக்கிய ஜெபத்திற்கு வழி திறந்தது. 1993இல் ரோமை வெளியிட்ட ஐக்கிய வழிகாட்டி ஏடோ, விருந்தினராகச் செல்லும் கத்தோலிக்கரைச் சங்கீதத்திலும் பாட்டிலும் மறுமொழியிலும் கலந்துகொள்ளுமாறு ஊக்குவிக்கிறது. அழைக்கப்பட்டால் வேதபாடம் வாசிக்கவும் பிரசங்கிக்கவும் இடமளிக்கிறது. ஆகவே இன்றைய மௌனம் கீழ்ப்படிதலன்று, போதனைக் குறைவே.

திருவிருந்தை மட்டும் அவ்வேடு அனுமதிக்கவில்லை. நம் குருப்பட்டத்தை ரோமை குறைவுடையதாகக் கருதுவதே காரணம். ஒரே வசனத்தைக் கேட்டு, ஒரே ஜெபத்தை ஏறெடுத்தபின், கணவன் பந்திக்கு எழ, மனைவி இருக்கையிலேயே தங்கும் கலப்புக் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய வேதனைக்கு இவ்வேடு தரும் விடை போதாது என்பதே நம் கணிப்பு. ஞானஸ்நானத்தினால் சகோதரர் என ஏற்கப்படுவோர் பந்தியில் விலக்கப்படுவதற்கு வேத ஆதாரம் யாது?

ஆயினும் குற்றம் ஒரு பக்கத்ததன்று. ஸ்ரீரங்கம் கோயிலில் பிற மதத்தவர் எதுவரை செல்லலாம் என்பது முன்னரே அறிவிக்கப்பட்டிருக்கிறது. நம் ஆலயத்திலோ விருந்தினர் தம் எல்லையைப் பந்தி வேளையிலேதான் உணர்கின்றனர். நாமும் சில வேளை அன்பின் மிகுதியால் கைப்பிடித்து அழைக்கிறோம். வர மறுப்பவரை அகந்தையுள்ளவரென எண்ணுகிறோம். இரண்டும் தவறு. ஆராதனைத் தொடக்கத்திலேயே போதகர் இரண்டு வாக்கியம் கூறுவாராக: பாட்டும் ஜெபமும் யாவர்க்கும் உரியன, பந்திக்கு வராதவரின் மனச்சாட்சியை நாம் மதிக்கிறோம்.

ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை ஐக்கிய ஜெப வாரம் அனுசரிக்கிறோம். எழாமல் அமர்ந்திருக்கும் அவ்விருந்தினரைக் கண்டு இரு சபையாரும் வேதனைப்படாவிடில், அந்த ஜெபம் வெறும் சடங்காகவே முடியும்.