மூக்கறுபடுதலும் மானம் போதலும்

இந்திக் கதைகளைத் தமிழில் பெயர்ப்போர் அடிக்கடி எதிர்கொள்ளும் தொடர்களுள் ஒன்று ‘நாக் கட்னா’. நாக் என்பது மூக்கு. கட்னா என்பது அறுபடுதல். தமிழிலும் ‘மூக்கறுபடுதல்’ என ஒரு தொடர் உண்டு. அதுவும் இழிவையே குறிக்கும். உறுப்பும் ஒன்று, வினையும் ஒன்று, பயனும் ஏறத்தாழ ஒன்று. எனவே ஐயமின்றி ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்துவிடலாம் என்ற எண்ணம் எழுகிறது. இந்திய மொழிகள் குடும்பத்தால் வேறுபட்டும் பண்புகளால் நெருங்கி வந்துள்ளன என எமனோ 1956இல் எடுத்துரைத்த கருத்து இவ்வெண்ணத்திற்குத் துணையாகக் கொள்ளப்படுவதும் உண்டு. ஆனால் அவர் காட்டிய ஒப்புமைகள் பெரும்பாலும் ஒலியும் இலக்கணமும் சார்ந்தவை. மரபுத்தொடர்களுக்கு அவற்றை அப்படியே நீட்டுவது பொருந்தாது.

இந்தியில் ‘நாக்’ என்னும் பெயர்ச்சொல் தனித்து நின்றே மதிப்பு, மானம் என்னும் பொருளைத் தரும். ‘கான்தான் கீ நாக்’ என்றால் குலத்தின் பெருமை. ‘நாக் கா ஸவால்’ என்றால் மானப் பிரச்சினை. ‘நாக் ரக் லேனா’, ‘நாக் பசானா’ ஆகியவை மானத்தைக் காத்தலைக் குறிக்கும். வினை மாறினும் பெயரின் பொருள் மாறவில்லை. ஆகவே இது பெயரின்கண் நிலைபெற்றுவிட்ட பொருள். தமிழில் இச்சோதனையைச் செய்தால் விடை வேறாக வருகிறது. ‘அவன் குடும்பத்தின் மூக்கைக் காப்பாற்றினான்’ என்று எந்தத் தமிழரும் சொல்லார். ‘இது எங்கள் மூக்குப் பிரச்சினை’ என்றால் மருத்துவரிடம் போகச் சொல்வர். மூக்கறு, மூக்குடை, மூக்குடைபடு என்னும் கூட்டுகளில் மட்டுமே இழிவுப் பொருள் பிறக்கிறது, பிரித்தால் மறைந்துவிடுகிறது. ‘மூக்கு’ என்னும் பதிவின் கீழ் ‘மானம்’ என ஒரு பொருளை எண்ணிட்டுத் தரும் அகராதி இதனால் பிழைபடுகிறது. அப்பொருளுக்கு உரிய இடம் கூட்டுவினைப் பதிவேயாகும்.

கூட்டாக நின்ற நிலையிலும் இரண்டும் ஒன்றல்ல. தமிழில் மூக்கறுபடுவதற்கு எதிரே ஒருவர் வேண்டும். பெரும்பாலும் ஒரு சொல்லாடல் வேண்டும். கூட்டத்தில் தெரிந்தவன்போலக் கேள்வி கேட்டு, தக்க விடையால் வாயடைக்கப்பட்டவன் மூக்குடைபட்டவன். பார்ப்போருக்கு அதில் சிறிது மகிழ்ச்சியும் உண்டு. இந்தித் தொடருக்கு இக்கட்டுப்பாடு இல்லை. வீட்டை எதிர்த்து மணந்துகொண்ட மகளைக் குறித்துத் தந்தை ‘நாக் கட்வா தீ’ என்னும்போது விடை கூறியவர் எவருமில்லை. ஊரறிய ஒரு குடும்பம் தலைகுனிந்தது என்பதே செய்தி. இதனைக் ‘குடும்பத்தின் மூக்கை அறுத்துவிட்டாள்’ எனப் பெயர்த்தால், மகள் தந்தைக்குச் சுடச்சுடப் பதில் சொல்லிவிட்டாள் எனத் தமிழ் வாசகர் கொள்வர். தந்தையின் துயரம் நகைப்பாகிவிடுகிறது. ‘மானத்தை வாங்கிவிட்டாள்’, ‘மானத்தைக் கப்பலேற்றிவிட்டாள்’ என்பனவே அவ்விடத்துக்கு உரியவை. மறுதலையாக, தமிழின் மூக்குடைபடுதலை இந்தியில் ‘நாக் கட் கயீ’ எனப் பெயர்த்தால் சிறு தோல்வி பேரிழிவாகப் பெருத்துவிடும். ‘முஹ் கீ கானா’ அதற்கு நெருக்கமானது.

சூர்ப்பணகையின் மூக்கறுப்பு இரு மொழியினரும் அறிந்த கதை. அறுபட்ட மூக்கைச் சீர்செய்யும் முறையைச் சுசுருத சங்கிதை விளக்குவதால் அத்தண்டனை கதையில் மட்டும் இருந்ததன்று எனவும் எண்ணலாம். கதையும் வழக்கமும் பொதுவாக இருந்தும் சொற்பொருள் பொதுவாகவில்லை என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

மூக்கு விரிந்திருப்பது வேறொரு திசையில். பறவையின் அலகு, கெண்டியின் நீர் வடியும் குழல் ஆகியனவும் தமிழில் மூக்கே. கிளிமூக்கு மாங்காய் அலகின் வளைவால் பெயர் பெற்றது. கொண்டைக்கடலையைச் சில வட்டாரங்களில் மூக்குக்கடலை என்பது அதன் கூர்முனையால். இந்தியில் அலகுக்குச் ‘சோஞ்ச்’, கெண்டியின் குழலுக்கு ‘டோண்டீ’ எனத் தனிச்சொற்கள் உள்ளமையால் ‘நாக்’ அங்கெல்லாம் செல்வதில்லை. வேண்டியவன் வேண்டிய நேரத்தில் மோப்பம் பிடித்து வந்து நிற்பதைக் ‘கழுகுக்கு மூக்கில் வேர்த்தாற்போல’ என்பர். இங்கே மூக்கு அலகு. கழுகை விட்டுவிட்டு ‘அவனுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது’ எனச் சுருக்கும்போது அது மனித மூக்காகிறது. மூலத்தை அறியாத பெயர்ப்பாளர் அதைக் களைப்பாகவோ அச்சமாகவோ கொள்ள இடமுண்டு.

திராவிட மொழிகளுக்குள் நிலைமை எளிது. வியப்பைக் குறிக்கும் ‘மூக்கின்மேல் விரல் வைத்தல்’ கன்னடத்தில் ‘மூகின மேலெ பெரளிடு’, தெலுங்கில் ‘முக்குன வேலேசுகொனு’, மலையாளத்தில் ‘மூக்கத்து விரல் வய்க்குக’ என நிற்கிறது. சொல்லும் சைகையும் சேர்ந்தே வந்தன போலும். இந்தியர் வியப்பால் விரலைக் கொண்டுபோவது மூக்குக்கு என்று பொதுவாகச் சொல்வதற்கில்லை. இந்தித் தொடரில் அவ்விரல் பற்களுக்கு அடியில் போகிறது: ‘தாந்தோம் தலே உங்க்லீ தபானா’. சினத்தில் மட்டும் எல்லைகள் கலைகின்றன. ‘மூக்கின்மேல் கோபம்’, தெலுங்கின் ‘முக்கு மீத கோபம்’, இந்தியின் ‘நாக் பர் குஸ்ஸா’ மூன்றையும் சொல்லுக்குச் சொல் மாற்றலாம். எந்த வாசகரும் தடுக்கி விழார். இத்தகைய எளிய பொருத்தங்களில் பழகிய கைதான் ‘நாக் கட்னா’வில் தயங்காமல் இறங்குகிறது.