இடைப்பட்ட நிலம், இடைப்பட்ட மனிதர்: விடுதலைப் போர்க்கால வரலாற்றுக் காதற்புதினம் குறித்த ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

விடுதலைப் போரைப் பின்புலமாகக் கொண்ட வரலாற்றுக் காதற்புதினம், காதலர்களின் குடும்பங்களை எதிரெதிர் அணிகளில் நிறுத்தி, காதலின்வழி நாட்டுப்பற்றை நிறுவும் இயல்புடையது. எவ்வணியையும் சாராது பிழைத்தவர்களுக்கு அவ்வடிவம் இடமளிப்பதில்லை. கூப்பரின் 'ஒற்றன்', கல்கியின் 'சோலைமலை இளவரசி', பிரபஞ்சனின் புதுச்சேரிப் புதினங்கள் ஆகியவற்றை முன்வைத்து, திண்டிவனம், செஞ்சி வட்டாரத்தின் போர்க்கால அனுபவத்தை எவ்வடிவம் தாங்கும் என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வரலாற்றுப் புதினம், காதற்புனைவு, அமெரிக்க விடுதலைப் போர், கர்நாடகப் போர்கள், துபாசி, நாட்குறிப்பு.

முன்னுரை

சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே உள்ளது கூட்டேரிப்பட்டு. மயிலம் முருகன் கோயிலுக்குச் செல்வோர் இறங்கித் திரும்பும் ஊர் என்பதே இன்று அதற்குரிய அறிமுகம். ஆயினும் அவ்வூரை நடுவாகக் கொண்டு நோக்கினால், வடக்கே வந்தவாசி, மேற்கே செஞ்சி, வடகிழக்கே பெருமுக்கல், தென்கிழக்கே புதுச்சேரி எனப் பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்க்களங்கள் அதனைச் சூழ்ந்து நிற்பது புலனாகும். இக்களங்களில் நிகழ்ந்த இறுதிக்கட்டப் போர்களுள் பல, அமெரிக்க விடுதலைப் போரின் பகுதிகளாகும் என்பது தமிழ்ப் புனைகதை ஆய்வில் போதிய கவனம் பெறவில்லை.

1778இல் பிரான்சு அமெரிக்கக் குடியேற்றங்களின் பக்கம் நின்றது. அச்செய்தியின் உடனடி விளைவாக அவ்வாண்டே ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டு அக்டோபரில் கைப்பற்றினர். 1780 ஜூலையில் ஐதர் அலியின் படை கர்நாடகச் சமவெளியில் இறங்கியது. அவ்வாண்டு ஆகஸ்ட்டு முதல் 1783 பிப்ரவரி வரை பிளின்ட் என்னும் ஆங்கிலேய அலுவலர் வந்தவாசிக் கோட்டையை ஐதரிடம் விடாது காத்தார். 1782இல் கடலூரும் பெருமுக்கலும் அடுத்தடுத்துக் கைமாறின. 1783 ஜூன் 13 அன்று கடலூரில் ஆங்கிலேயருக்கும் புசியின் பிரெஞ்சுப் படைக்கும் கடும்போர் நிகழ்ந்தது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஐரோப்பாவில் அமைதி உடன்பாட்டின் முதற்கட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது அதே ஆண்டு ஜனவரி 20இல். செய்தி கடல்வழியே கடலூரை அடைந்தபோது ஜூன் முடிவுற்றுக்கொண்டிருந்தது. எந்தப் போருக்காக மாண்டோம் என்பதை அறியாமலேயே, முடிந்துபோன போரில் மாண்டவர்களின் மண் இது.

தொடர்பு மறுகரையிலும் உணரப்பட்டது. 1782 ஏப்ரலில் டெலவேர் விரிகுடாவில் 'ஜெனரல் மங்க்' என்னும் ஆங்கிலக் கப்பலைப் பிடித்த பென்சில்வேனியக் கப்பலின் பெயர் 'ஐதர் அலி'. அதன் வெற்றியை பிலிப் பிரெனோ பாட்டாக்கினார். ஆங்கிலேயரை எதிர்த்தவன் என்ற ஒரே தகுதியால் ஐதர் அங்கே தோழன் ஆனார். அதே ஐதரின் குதிரைப்படை இங்கே விளைநிலங்களைப் பாழாக்கியது. அவ்வழிவை 1785இல் ஆங்கிலப் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் விரித்துரைத்தார். விடுதலையின் பெயர் ஓரிடத்தில் கப்பலில் பொறிக்கப்பட, அப்பெயருக்குரியவரின் படை இன்னோரிடத்தில் வைக்கோற்போரைக் கொளுத்திச் சென்றது. இம்முரணை எதிர்கொள்ளும் திறன் வரலாற்றுக் காதற்புதினத்துக்கு உண்டா என்பதே வினா.

கூப்பரின் நடுநிலை நிலம்

அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றிய காதற்புதின மரபின் தொடக்க நூல்களுள் முதன்மையானது ஜேம்ஸ் பெனிமோர் கூப்பர் 1821இல் வெளியிட்ட 'ஒற்றன்'. ஸ்காட்டின் 'வேவர்லி' (1814) அமைத்துத் தந்த அச்சில் வார்க்கப்பட்ட நூல் இது. களம், நியூயார்க்குக்கு வடக்கே வெஸ்ட்செஸ்டர் வட்டாரம், காலம் 1780. இரு படைகளுக்கும் இடையே எவருக்கும் உரிமையாகாது கிடந்த அந்நிலத்தை 'நடுநிலை நிலம்' என நூலின் துணைத்தலைப்பே சுட்டுகிறது. அங்கே வார்ட்டன் என்னும் செல்வர் தம் சொத்தைக் காத்துக்கொள்ள எப்பக்கமும் சாயாது ஒதுங்கி வாழ்கிறார். மகன் ஆங்கிலப் படையில் அலுவலன். மூத்த மகளின் மனம் ஓர் ஆங்கிலப் படைத்தலைவனிடம் செல்கிறது. இளைய மகள் பிரான்சிஸ் விடுதலைப் படையின் டன்வுடியைக் காதலிக்கிறாள். எந்தக் காதல் உண்மையானது என்பதைக் கதை முடிவு செய்யும் முறையில் நாட்டின் வழக்கும் முடிவு செய்யப்படுகிறது. ஆங்கிலேயனின் காதல் வஞ்சகமாக வெளிப்படுகிறது. டன்வுடியின் காதல் நிலைக்கிறது.

இந்நூலில் காதலரைவிட ஆழமாக மனத்தில் நிற்பவன் ஆர்வி பர்ச் என்னும் தலைச்சுமை வணிகன். இரு படைகளின் எல்லையையும் கடந்து சரக்கு விற்கும் அவனை அனைவரும் ஆங்கிலேயரின் ஒற்றன் எனத் தூற்றுகின்றனர். உண்மையில் அவன் வாஷிங்டனின் ஒற்றன். இறுதியில் வாஷிங்டன் அளிக்கும் பொற்காசை அவன் வாங்க மறுக்கும் காட்சி நூலின் உச்சம். காட்சியின் ஆற்றலை மறுப்பதற்கில்லை. எனினும் அவ்விடத்திலேயே வடிவத்தின் எல்லையும் தெரிந்துவிடுகிறது. இரு பக்கமும் போய்வந்து பிழைக்கும் ஒரு வணிகன், வெறும் வணிகனாகவே இருந்திருக்கக் கூடாதா? கூப்பர் அதற்கு இசையவில்லை. இடைப்பட்டவனுக்கு மறைவான ஓர் அணியைக் கண்டுபிடித்துக் கொடுத்த பின்னரே அவனை மதிக்க வாசகருக்கு அனுமதி கிடைக்கிறது.

சோலைமலையின் இரு தந்தையர்

1947இல் வெளிவந்த கல்கியின் 'சோலைமலை இளவரசி' தமிழில் இவ்வடிவத்தின் செறிவான எடுத்துக்காட்டு. 1942 ஆகஸ்ட்டுக் கிளர்ச்சியில் ஈடுபட்டுக் காவலரிடமிருந்து தப்பும் குமாரலிங்கம், சோலைமலைப் பாழ்ங்கோட்டையில் ஒளிகிறான். அங்கே மணியக்காரரின் மகள் பொன்னம்மாளைச் சந்திக்கிறான். கோட்டையின் இடிபாடுகளுக்கிடையே அவனுக்கு முற்பிறவி நினைவுபோல் ஒரு பழங்கதை விரிகிறது. அதில் அவன் ஆங்கிலேயரை எதிர்த்த மாறனேந்தல் உலகநாதத் தேவன். அவள் சோலைமலை அரசரின் மகள் மாணிக்கவல்லி.

இந்நூலை விடுதலை உணர்வூட்டும் காதற்கதை என்றே திறனாய்வாளர் பெரும்பாலும் கண்டுள்ளனர். கூப்பருடன் வைத்துப் படிக்கும்போது வேறொன்று முன்னெழுகிறது. கதையின் அச்சாணி காதலர் அல்லர், தந்தையரே. பழங்கதையில் மாணிக்கவல்லியின் தந்தை ஆங்கிலேயருக்கு நட்பானவர். நிகழ்கதையில் பொன்னம்மாளின் தந்தை, அதே ஆங்கில அரசின் நிருவாகச் சங்கிலியில் ஊர் மட்டத்துக் கண்ணியான மணியக்காரர். அரசர் இருந்த இடத்தில் ஊர் அலுவலரை வைத்ததன்மூலம், பேரரசு எவர் தோளில் ஏறி நின்றது என்பதைக் கல்கி கூரிய முறையில் சொல்லிவிடுகிறார். 1941இல் தாமே சிறை சென்ற ஒருவரின் அரசியல் அறிவு இதில் வெளிப்படுகிறது. தம் சொத்துக்காக ஒதுங்கிய வார்ட்டனைவிட இத்தந்தையர் நம்பத்தக்கவர்கள். ஏனெனில் அவர்கள் அதிகாரத்தில் ஒரு பங்கைப் பெற்றவர்கள். மேலும், 1799இல் கட்டபொம்மனைப் பிடித்து ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான் என்னும் வரலாற்றுச் செய்தியை அறிந்த தமிழ் வாசகருக்குச் சோலைமலை அரசர் புதியவர் அல்லர்.

சிக்கல் மறுபிறவி உத்தியில் எழுகிறது. உலகநாதத் தேவனே குமாரலிங்கம் என்று ஆகும்போது, பாளையக்காரரின் எதிர்ப்பும் 1942இன் எதிர்ப்பும் ஒரே உயிரின் இரு பிறவிகளாகிவிடுகின்றன. கப்பம், வாரிசுரிமை, அண்டைப் பாளையத்தோடு பகை எனப் பாளையக்காரரை இயக்கிய காரணங்கள் உதிர்ந்துபோகின்றன. 1801 ஜூன் 16இல் சின்ன மருதுவின் பெயரால் திருச்சியில் ஒட்டப்பட்ட அறிக்கை தம் பாளையத்துக்கு அப்பாலும் மக்களை விளித்தது உண்மையே. ஆகவே தொடர்ச்சி முற்றிலும் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. ஆயின் அத்தொடர்ச்சி ஆராய்ந்து நிறுவப்பட வேண்டியது. புதினம் அதனைக் காதலின் நினைவாற்றலுக்கு விட்டுவிடுகிறது. காதல் மெய்யானால் வரலாறும் மெய் என்னும் ஏரணம் அங்கே செயற்படுகிறது.

நாயகன் கிடைக்காத வட்டாரம்

சோலைமலைக்கு ஒரு பாளையம் இருந்தது, இளவரசி இருந்தாள். திண்டிவனம், செஞ்சி வட்டாரத்தின் நிலை அவ்வாறன்று. 1750இல் புசி செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். 1761இல் அது ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. நவாபின் கிலேதாரும் பிரெஞ்சுத் தளபதியும் ஆங்கிலேய அலுவலரும் மைசூர்ப் படைத்தலைவரும் மாறி மாறி வந்த கோட்டைகளில், காதற்புதினம் தேடும் மண்ணின் மைந்தனாகிய நாயகனைக் கண்டெடுப்பது அரிது.

சாண்டில்யனின் 'ராஜபேரிகை' கர்நாடகப் போர்க்காலத்தைக் களமாகக் கொண்டு, கிளைவையே கதைமாந்தராக்கியது. துணிவான தேர்வுதான். ஆயின் அவ்வாசிரியரின் பிற புதினங்களில் காணப்படும் வீரனும் அழகியும் வாட்போரும் சூழ்ச்சியுமே இங்கும் இடம்பெறுகின்றன. ஊர்களின் இழப்பு பின்திரையாகவே நின்றுவிடுகிறது.

இவ்வட்டாரம் தானாகவே பாதுகாத்த கதை தேசிங்கு ராஜனுடையது. 1714இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து மாண்ட செஞ்சித் தலைவன் அவன். கதைப்பாடலில் அவன் குதிரை பாராசாரிக்கும், வழுதாவூரில் மணக்கோலத்தில் இருந்து களத்துக்கு விரைந்த இசுலாமிய நண்பனுக்கும் கிடைக்கும் இடம் பெரியது. மணம் பாதியில் கைவிடப்படுகிறது, நட்பு நிறைவேறுகிறது. நாடு, இனம், மதம் ஆகிய எதனையும் காதலின்வழி நிறுவ அக்கதை முனையவில்லை. ஆங்கிலேயர் எதிர்ப்பு என்னும் சட்டகத்துக்குள் அது அடங்காது என்பதனாலேயே அதனைச் சிறப்பித்துக் குறிப்பிட வேண்டியுள்ளது.

துபாசியும் நாட்குறிப்பும்

பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', சாகித்திய அகாதெமி விருதினை 1995இல் பெற்ற 'வானம் வசப்படும்' ஆகிய இரண்டும் இவ்விடத்தில் தனித்து நிற்கின்றன. இவற்றுக்கு ஊற்று, ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பு. பிள்ளை துபாசி, இரு மொழிகளுக்கும் இரு வணிகங்களுக்கும் இடையே நின்று பொருளீட்டியவர். ஆர்வி பர்ச் இருந்த அதே இடம். ஆனால் பிரபஞ்சன் அவருக்கு மறைவான நாட்டுப்பற்று எதனையும் கற்பிக்கவில்லை. துய்ப்பிளேக்ஸின் அவையில் அவர் அடையும் பெருமிதமும், 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டபோது அவர் கொள்ளும் கையறுநிலையும் ஒரே மனிதரிடத்தில் ஒன்றையொன்று கரைக்காது இருக்கின்றன. பர்ச் பெற்ற விடுதலை இவருக்கு இல்லை. இப்புதினங்களின் நேர்மை இதில் உள்ளது.

காதற்புனைவைக் கைவிட்டதாலேயே இது இயன்றது எனலாம். தாசியரும் ஊழியரும் வணிகரும் நிறைந்த இப்புதினங்களில் ஆண்–பெண் உறவு பெரிதும் கொடுக்கல் வாங்கலாகவும் அதிகாரமாகவும் வருகிறது. அணிகளை இணைக்கும் பாலமாக வருவதில்லை. இருப்பினும் ஒரு குறை சுட்டப்பட வேண்டும். நாட்குறிப்பின் கண் துபாசியின் கண். புதுச்சேரி மதிலுக்கு உள்ளேயும் அரண்மனை வாயில்களிலும் அது கூர்மையாகக் காண்கிறது. கூட்டேரிப்பட்டு போன்ற ஏரிப்பாசன ஊர்கள் அதற்குக் குத்தகை, நெல் விலை, படை சென்ற வழி ஆகியவையாகவே தென்படுகின்றன. புதினம் இக்கண்ணின் வரம்பைச் சில இடங்களில் மட்டுமே மீறுகிறது.

ஆனந்தரங்கர் 1761 ஜனவரியில், புதுச்சேரி வீழ்ந்த மாதத்திலேயே மறைந்தார். அமெரிக்கப் போர் இம்மண்ணுக்கு வந்தபோது எழுத அவர் இல்லை. ஆனால் எழுதியவர் இருந்தார். ஓர்சே மா. கோபாலகிருஷ்ணன் பதிப்பித்த இரண்டாம் வீராநாயக்கர் நாட்குறிப்பு 1778 முதல் 1792 வரையிலான புதுச்சேரியைப் பதிவு செய்கிறது. 1778 முற்றுகை தொடங்கி ஆங்கிலேயர் ஆட்சி, பிரெஞ்சுக்காரரின் மீள்வருகை எனக் கொடி மாறிய ஒவ்வொரு முறையும், ஊர்க்காவல் பொறுப்பில் இருந்த ஒரு தமிழர் புதிய துரையை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. கூப்பரின் நடுநிலை நிலத்துக்கு இணையான காலமும் களமும் மனிதரும் அச்சேறிய தமிழ் நூலொன்றில் காத்திருக்கின்றனர். அவருக்கு ஓர் இளவரசியைத் தேடித் தராத புதினமே அவரை எழுத இயலும்.